எத்தனை பேர் கூடினால் ஒரு மக்களினம்?

பேரரசுகள் ஒரே நாளில் மறைந்துவிடுவதில்லை. கடல் வற்றிப் பின்வாங்கிய பின்னரும் பாறைக் குழிகளிலே நீர் தேங்கி நிற்பதுபோல, அவற்றின் எச்சங்கள் உலகின் மூலைமுடுக்குகளிலே தங்கிவிடுகின்றன. எமது பாட்டன்மார் கற்ற பூமிசாஸ்திரப் புத்தகங்களிலே உலகப் படத்தின் காற்பங்கு பிரித்தானியாவின் சிவப்பு நிறத்தைத் தாங்கியிருந்தது. இன்று அச்சிவப்பைத் தேடுவோர் பூதக்கண்ணாடி கொண்டுதான் தேடவேண்டும். 'கடல் கடந்த ஆள்புலங்கள்' என அழைக்கப்படும் 14 துண்டுகள் எஞ்சியுள்ளன. அவற்றில் வாழ்வோர் அனைவரையும் ஒன்றுசேர்த்தாலும் மூன்று இலட்சத்தை எட்டமாட்டார்கள். பேர்மூடாவில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ளனர். பிற்கேண் தீவிலோ ஐம்பது பேருக்குக் குறைவு. தென் ஜோர்ஜியாவில் நிரந்தரக் குடிகளே இல்லை.

இத்துண்டுகளை என்ன செய்வது என்ற வினா இலண்டனில் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகின்றது. சுதந்திரம் கொடுத்துவிடலாமா? பிரித்தானியாவுடன் இணைத்துக்கொள்ளலாமா? அயல்நாடு உரிமை கோரினால் கையளித்துவிடலாமா? அன்றி, இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என விட்டுவிடலாமா? இவையே அதிகாரிகளின் கோவைகளிலே திரும்பத் திரும்பக் காணப்படும் வழிகள். நாம் இவ்வழிகளின் இலாப நட்டங்களைக் கணக்கிட முன்வரவில்லை. அக்கணக்குக்கு அடியில் மறைந்திருக்கும் ஒரு நியாயப் பிரச்சினையே எம்மை ஈர்க்கின்றது. 'இவர்களை என்ன செய்வது?' எனக் கேட்பவன் தன்னை வினாவின் எழுவாயாகவும் அவர்களைச் செயப்படுபொருளாகவும் ஏற்கெனவே வகுத்துக்கொண்டுவிட்டான். இலக்கணம் படிப்பித்துப் பழகிய எமக்கு இது முதலிற் கண்ணிற் படுவதில் வியப்பில்லை.

1960 டிசம்பர் 14ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய 1514ஆம் இலக்கத் தீர்மானம், எல்லா மக்களினங்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டெனப் பிரகடனம் செய்தது. பிரித்தானியா அதற்கு வாக்களியாது ஒதுங்கி நின்றது. அடுத்த நாள் வந்த 1541ஆம் தீர்மானம், குடியேற்ற நிலை முடிவுறுதற்கு மூன்று வாயில்களைக் காட்டியது. தனியரசாதல், விரும்பிய நாட்டுடன் சுயாதீனமாகக் கூட்டுச் சேர்தல், சமவுரிமையுடன் ஒரு நாட்டிற் கலந்துவிடுதல் என்பன அவை. 'எல்லா மக்களினங்களுக்கும்' என்ற சொற்றொடர் அழகானதே. ஆயின் எத்தனை பேர் கூடினால் ஒரு மக்களினம் ஆகும்?

சிறுமையைக் காரணம் காட்டி உரிமையை மறுப்போர் எக்காலத்தும் உளர். ஒரு பட்டினத்தின் சனத்தொகைகூட இல்லாதவர்களுக்கு அரசு எதற்கு, கொடி எதற்கு என அவர்கள் ஏளனம் செய்வர். வரலாறு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. 1968இல் நவுறு தனியரசாயிற்று. 1978இல் துவாலு தனியரசாயிற்று. இரண்டும் பத்தாயிரம் பேரளவிலான மக்களைக் கொண்ட நாடுகள். இன்று அவை ஐக்கிய நாடுகள் சபையிலே சீனத்துக்கும் இந்தியாவுக்கும் ஒப்பாக ஒவ்வொரு வாக்குப் பெற்று அமர்ந்திருக்கின்றன. பத்தாயிரம் பேருக்கு உரிமை உண்டு, ஆயிரத்தைந்நூறு பேருக்கு இல்லை எனின், இடையிலுள்ள எந்த எண்ணிலே உரிமை பிறக்கின்றது? நெல்மணிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, எந்த மணியோடு குவியல் உண்டாயிற்று எனக் கேட்கும் பழைய தருக்கப் புதிரைப் போன்றதே இதுவும். விடை கிடையாது. ஏனெனில் உரிமையின் வேர் எண்ணிக்கையில் இல்லை. ஓர் அதிகாரம் ஒரு மனிதன்மீது செலுத்தப்படுகின்றது. அவ்வதிகாரத்தை ஆக்குவதில் அவனுக்கும் பங்கு வேண்டும். இந்நியாயம் ஒருவனுக்குப் பொருந்துமாயின் ஆயிரம் பேருக்கும் பொருந்தும், கோடிப் பேருக்கும் பொருந்தும். எத்தகைய அரசை அமைக்கலாம், அதனைத் தாங்கும் பொருள்வளம் உண்டா என்பனவற்றுக்கே எண்ணிக்கை தடையாகலாம். கேட்கப்படவேண்டும் என்ற உரிமைக்கு அது தடையாகாது.

பிரித்தானியாவின் நடைமுறையை இவ்வளவுகோலால் அளந்து பார்க்குமிடத்து இரு தீவுக் கூட்டங்கள் அருகருகே வந்து நிற்கின்றன. ஒன்று தென் அத்திலாந்திக்கிலுள்ள போக்லாந்துத் தீவுகள். மற்றையது இந்து சமுத்திரத்தின் நடுவிலுள்ள சாகோஸ் தீவுகள்.

1982இல் ஆர்ஜென்ரீனாவின் இராணுவ ஆட்சி போக்லாந்தைக் கைப்பற்றியபொழுது அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 1,800 பேர். அவர்களின் விருப்பமே தலையாயது எனப் பிரதமர் தச்சர் உலகறியக் கூறி, எண்ணாயிரம் மைல் தொலைவுக்குக் கடற்படையை அனுப்பினார். 255 பிரித்தானியரும் 649 ஆர்ஜென்ரீனரும் மாண்டனர். 2013இல் நிகழ்ந்த வாக்கெடுப்பிலே 1,513 பேர் பிரித்தானியாவுடன் இருக்க விரும்பினர், மூவர் மறுத்தனர். இம்முடிவு பிரித்தானியரால் இன்றும் பெருமையுடன் எடுத்துக்காட்டப்படுகின்றது.

சாகோஸ் மக்களும் ஏறத்தாழ அதே தொகையினரே. ஆயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரம் வரை எனக் கணக்கிடுவர். ஆபிரிக்காவிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் தென்னந்தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்களும், அடிமைமுறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றல்களும் கலந்து உருவான சமூகம் அது. தமக்கெனக் கிரியோல் மொழியும் மாதாகோயிலும் மயானமும் கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சமூகம். 1965 நவம்பர் 8ஆம் நாள், சுதந்திரத்தை எதிர்நோக்கி நின்ற மொறீசியசிலிருந்து இத்தீவுகளைப் பிரித்தெடுத்து, 'பிரித்தானிய இந்து சமுத்திர ஆள்புலம்' என்ற புதிய குடியேற்ற நாடொன்றைப் பிரித்தானியா படைத்தது. உலகெங்கும் குடியேற்ற நாடுகள் மறைந்துகொண்டிருந்த காலத்திலே ஒன்று புதிதாகப் பிறந்த விந்தை இது! மொறீசியசுக்குக் கொடுக்கப்பட்டது 30 இலட்சம் பவுண். டியேகோ கார்சியாவிலே அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக 1968 முதல் 1973 வரையிலான காலத்தில் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். விடுமுறைக்கோ மருத்துவத்துக்கோ மொறீசியசுக்குச் சென்றவர்கள் திரும்பிவரக் கப்பல் இல்லை எனக் கூறப்பட்டனர். எஞ்சியோரின் வளர்ப்பு நாய்கள் புகையூட்டிக் கொல்லப்பட்டன. பின்னர் மனிதர்கள் கப்பலேற்றப்பட்டு மொறீசியசிலும் சீசெல்சிலும் இறக்கிவிடப்பட்டனர்.

ஏன் இவ்வாறு முழுவதுமாகத் துடைத்தெடுக்க வேண்டும்? விடையைப் பிற்காலத்தில் வெளிவந்த அரச ஆவணங்களே தருகின்றன. ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 73ஆம் உறுப்புரை, ஆளப்படும் மக்களின் நலனைப் 'புனித பொறுப்பு' என்கின்றது. அவர்களைப் பற்றி அறிக்கை சமர்ப்பிக்குமாறும் ஆளும் நாட்டைப் பணிக்கின்றது. நிரந்தரக் குடிகள் இருந்தாற்றானே பொறுப்பு உண்டு? ஆகவே அங்கிருந்தோர் யாவரும் தற்காலிகக் கூலிகளே எனக் காட்டத் தீர்மானிக்கப்பட்டது. கடற்பறவைகளைத் தவிர வேறு சுதேசிகள் அங்கு இருக்கமாட்டார்கள் என உயர் அதிகாரி ஒருவர் 1966இல் எழுதிவைத்தார். புனிதமான பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாதபோது, அப்பொறுப்புக்குரிய மனிதரையே தட்டிக்கழித்தனர்.

இவ்விடத்தில் எமது நாட்டைப் பற்றியும் ஒரு சொல் கூறாது செல்ல இயலவில்லை. சாகோஸ் பிரிக்கப்படுவதற்கு ஓராண்டு முன்னர், 1964 ஒக்ரோபரிலே, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மலையகத்தின் தோட்டத் தொழிலாளரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என இரு அரசுகளும் பங்கு பிரித்தன. அம்மக்களிடம் எவரும் கேட்கவில்லை. கூலியாக வந்தவனின் பேரன் எத்தனை தலைமுறை சென்றாலும் வழிப்போக்கனே என்ற எண்ணம் வெள்ளையருக்கு மட்டும் உரியதன்று.

நிற்க. போக்லாந்து மக்களின் விருப்பத்தைப் பிரித்தானியா என்றுமே தலைமேற்கொண்டு வந்ததென எண்ணுவதும் தவறு. 1980இல் அமைச்சர் நிக்கலஸ் றிட்லி, தீவுகளின் இறைமையை ஆர்ஜென்ரீனாவுக்குக் கொடுத்துவிட்டுக் குத்தகைக்குத் திரும்பப்பெறும் யோசனையுடன் அங்கு சென்றார். 1981ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அத்தீவினரிற் பலருக்கு முழுப் பிரசாவுரிமையை மறுத்தது. போர் முடிந்தபின், 1983இலேயே அது வழங்கப்பட்டது. கோட்பாடு கப்பற்படைக்குப் பின்னால் வந்தது என்க. அதே 1982ஆம் ஆண்டில், சாகோஸ் மக்களுக்கென 40 இலட்சம் பவுண் நட்டஈடு ஒதுக்கப்பட்டது. அதனைப் பெறவந்த ஏழைகளிற் பலர், தமக்கு விளங்காத ஆங்கிலப் பத்திரங்களிலே, திரும்பிச்செல்லும் உரிமையைக் கைவிடுவதாகக் கைந்நாட்டு வைத்தனர்.

'சிதறிப்போன மக்களை எவ்வாறு கேட்பது?' என்பர் சிலர். பிரித்தானியா அதனைச் செய்தே காட்டியிருக்கின்றது. 1961இல் திரிஸ்தான் டா குன்யாத் தீவிலே எரிமலை வெடித்தது. ஏறக்குறைய 260 பேரான அத்தீவினர் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். நவீன வாழ்வின் சுகங்களைக் கண்டபின் அவர்கள் அங்கேயே தங்கிவிடுவர் என அதிகாரிகள் எதிர்பார்த்தனர். 1962இல் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. மிகப் பெரும்பாலானோர் திரும்பிச் செல்லவே விரும்பினர். 1963இல் திரும்பியும் விட்டனர். இருநூற்றறுபது பேரைக் கேட்க முடிந்த அரசுக்கு ஆயிரத்தைந்நூறு பேரைக் கேட்க முடியாமற்போனது எண்ணிக்கையினால் அன்று. நிறவேற்றுமை இதில் ஒரு காரணம் என்பதற்கு அவ்வதிகாரிகளின் குறிப்புக்களே சான்று. எனினும் அதைவிட எளிய காரணமும் உண்டு. திரிஸ்தானில் எவருக்கும் விமானத்தளம் தேவைப்படவில்லை.

இதுவரை கூறியவற்றை முற்போக்காளர் யாவரும் எளிதில் ஒப்புவர். இனிக் கூறுவது சற்றுச் சங்கடமானது. ஏகாதிபத்தியத்தை எதிர்ப்போராகிய நாம், ஆளப்படுவோர் அனைவரும் விடுதலையையே வேண்டுவர் என எண்ணிப் பழகியவர்கள். ஆனால் ஜிப்ரால்டரில் 1967இல் 12,138 பேர் பிரித்தானியாவுக்கும் 44 பேர் ஸ்பெயினுக்கும் வாக்களித்தனர். பேர்மூடாவில் 1995இல் வாக்களித்தோரில் நான்கில் மூன்று பங்கினர் அளவில் சுதந்திரம் வேண்டாம் என்றனர். அங்குவிலாவின் கதை இன்னும் வேடிக்கையானது. 1967இல் அதனைச் சென். கிற்சுடன் ஒட்டவைத்து உள்நாட்டுச் சுயாட்சி கொடுத்தபொழுது, தீவினர் கிளர்ந்தெழுந்து சென். கிற்ஸ் பொலிசாரை விரட்டினர். 1969 மார்ச்சில் பிரித்தானியத் துருப்புக்களும் இலண்டன் பொலிசாரும் வந்திறங்கினர். ஒரு உயிரும் போகவில்லை. ஈற்றில் தீவினர் கேட்டுப் பெற்றது யாது? பிரித்தானியாவின் நேரடி ஆட்சியை! ஏகாதிபத்தியத்துக்கு எதிராகக் கிளர்ந்து அதனையே வென்றெடுத்த புரட்சி உலகில் வேறெங்கும் நடந்ததாக நாம் அறியோம்.

இவர்களையெல்லாம் அடிமைப் புத்தியினர் என ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குவோர், அதிகாரியின் நாற்காலியிலே தாம் ஏறி அமர்ந்துகொள்கின்றனர் என்பதே எமது கருத்து. மக்களின் நன்மையை மக்களைவிடத் தானே நன்கறிவதாகக் கருதியது குடியேற்ற ஆட்சி. அங்குவிலாவினன் அஞ்சியது அண்மையிலுள்ள சிறு ஏகாதிபத்தியத்துக்கு. தூரத்து எசமானைவிட அயல் எசமான் கொடியவன் என்பது அவன் அனுபவம். அதனை எள்ளி நகையாட எமக்கு உரிமையில்லை.

ஆனால் அவர்களின் சம்மதம் பிரித்தானியாவின் கணக்கை நேர்செய்துவிடாது. 'விரும்பி இருக்கிறார்கள்' என்பது உண்மையாயின், இருப்போருக்குரிய உரிமை எங்கே? பிரான்சு 1946இல் மார்த்தினிக், குவாதலூப், கயானா, றெயூனியன் ஆகியவற்றைத் தன் மாவட்டங்களாக்கியது; அவற்றுக்குப் பாராளுமன்றத்தில் ஆசனமும் உண்டு. அச்சட்டத்தைச் சபையிலே முன்வைத்தவர் கவிஞர் எமே செசேர். சமத்துவம் சட்டத்தில் வந்ததேயன்றி வாழ்வில் வரவில்லை எனப் பின்னர் அவரே அதிருப்தியுற்றுச் சுயாட்சி கேட்டார் என்பது வேறு கதை. பிரித்தானியாவோ அவ்வளவுதூரமும் செல்லவில்லை. 1956இல் மோல்ற்றாவில் நடந்த வாக்கெடுப்பிலே வாக்களித்தோரிற் பெரும்பான்மையினர் பிரித்தானியாவுடன் இணைந்து வெஸ்ற்மினிஸ்ரருக்கு உறுப்பினரை அனுப்ப இசைந்தனர். அத்திட்டம் நிறைவேறாது போயிற்று. 1964இல் மோல்ற்றா சுதந்திரம் பெற்றது. 1981ஆம் ஆண்டுச் சட்டம், ஹொங்கொங் மக்கள் திரண்டு வந்துவிடுவரோ என்ற அச்சத்தினால், சென். ஹெலெனாவில் நூற்றாண்டுகளாக வாழ்ந்தோரின் குடியிருப்புரிமையையும் சேர்த்துப் பறித்தது. ஹொங்கொங் சீனத்திடம் சென்று ஐந்தாண்டு கழிந்தபின், 2002இல் அது திருப்பிக் கொடுக்கப்பட்டது. இன்றும் இந்த ஆள்புலங்களிலிருந்து ஓர் உறுப்பினர்கூட வெஸ்ற்மினிஸ்ரரில் இல்லை. ஆயின் இலண்டனில் இயற்றப்படும் அரச கட்டளை அவர்கள்மீது செல்லும். 2009இல் ரேர்க்ஸ் கைக்கோஸ் தீவுகளின் அமைச்சரவையும் சட்டசபையும் ஊழலைக் காரணமாகக் கொண்டு இடைநிறுத்தப்பட்டன. 2012 வரை ஆளுநரே ஆண்டார். ஊழல் உண்மையே. எனினும் இலண்டனில் ஊழல் கண்டுபிடிக்கப்படும்போது பாராளுமன்றத்தைப் பூட்டிவிட ஒருவரும் வருவதில்லை.

தன்னாட்சி என்ற சொல்லையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு வழிபடலாகாது. கேமன் தீவுகளும் பிரித்தானிய வேர்ஜின் தீவுகளும் செல்வந்தரின் பணத்துக்கு ஒளிப்பிடங்கள். 2016இல் வெளியான பனாமா ஆவணங்களிற் குறிக்கப்பட்ட கம்பனிகளுட் பாதிக்கு மேற்பட்டவை வேர்ஜின் தீவுகளிலே பதியப்பட்டவை. கம்பனிகளின் உண்மையான உரிமையாளர் யார் எனப் பகிரங்கப் பதிவேட்டில் எழுதவேண்டுமெனப் பிரித்தானியப் பாராளுமன்றம் 2018இல் சட்டமியற்றியபொழுது, இது குடியேற்ற ஆதிக்கம் என அத்தீவுகளின் தலைவர்கள் குரலெழுப்பினர். தன்னைத் தான் ஆளும் உரிமை, பிறன் வீட்டுப் பணத்தை ஒளித்துவைக்கும் உரிமையன்று. வறிய நாடுகளின் திறைசேரிக்குச் சேரவேண்டியது அங்கு சென்று மறைகின்றது. இவ்விடயத்தில் இலண்டன் தலையிட்டதற்காக அன்றி, இத்தனை காலம் தலையிடாது இலாபத்திற் பங்குகொண்டதற்காகவே நாம் அதனைக் குற்றஞ்சாட்ட வேண்டும்.

மீண்டும் சாகோசுக்கு வருவோம். எமது கடற்பரப்பின் அரசியலோடு அது பின்னிப் பிணைந்தது. திருகோணமலைத் துறைமுகத்தையும் கட்டுநாயக்கா விமானத்தளத்தையும் 1957இல் பண்டாரநாயக்கா அரசு மீட்டபின், மேற்கு வல்லரசுகள் இந்து சமுத்திரத்திலே புதிய தளங்களைத் தேடலாயின. கேள்வி கேட்கும் தேசங்கள் இல்லாத சிறு தீவுகளையே அவை விரும்பின. 1971இல் இலங்கையின் முயற்சியால் இந்து சமுத்திரம் சமாதான வலயமெனப் பொதுச்சபை பிரகடனம் செய்தபொழுது, சாகோஸ் மக்கள் வெளியேற்றப்பட்டுக் கொண்டிருந்தனர்.

2019 பெப்ரவரி 25ஆம் நாள், மொறீசியசின் விடுதலை சட்டப்படி நிறைவேறவில்லை என்றும், பிரித்தானியா தன் நிருவாகத்தை இயன்ற விரைவில் முடிக்கவேண்டும் என்றும் சர்வதேச நீதிமன்றம் 13க்கு 1 என்ற வாக்குகளால் கருத்துரைத்தது. அவ்வாண்டு மே 22ஆம் நாள் பொதுச்சபை 116க்கு 6 என்ற வாக்குகளால் அதனை ஆதரித்தது. சரியாக ஆறாண்டு கழித்து, 2025 மே 22ஆம் நாள், பிரித்தானியாவும் மொறீசியசும் ஒப்பந்தம் ஒன்றிற் கைச்சாத்திட்டன. அதன்படி இறைமை மொறீசியசுக்கு. டியேகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகைக்கு. ஆண்டுக்குச் சராசரி 10 கோடியே 10 இலட்சம் பவுண். மொறீசியஸ் ஏனைய தீவுகளில் மக்களைக் குடியேற்றலாம். டியேகோ கார்சியாவில் முடியாது.

குடியேற்ற ஆதிக்கத்தின் களவொன்று ஒப்புக்கொள்ளப்பட்டதென்ற அளவில் நாம் இதனை வரவேற்கின்றோம். மொறீசியசின் உரிமை நியாயமானதே. ஆனால் களவாடப்பட்ட காணி உரியவனிடம் மீளும்பொழுது, அக்காணியிலிருந்து விரட்டப்பட்ட குடியானவன் படலைக்கு வெளியே நிற்கின்றான். மொறீசியசிலுள்ள சாகோஸ் மக்களிற் பலர் ஒப்பந்தத்தை ஆதரிக்கின்றனர். பிரித்தானியாவிலுள்ளோரிற் பலர் எதிர்க்கின்றனர். கைச்சாத்து நிகழவிருந்த நாளின் அதிகாலையிலே, டியேகோ கார்சியாவிற் பிறந்த இரு பெண்கள் இலண்டன் நீதிமன்றத்திற் பெற்ற தடையுத்தரவு சில மணிநேரம் நின்று, பின் நீக்கப்பட்டது. நாடுகளுக்கே நிலம், நாடுகளுக்கே உரிமை எனக் கருதும் சர்வதேச சட்டத்திலே, நாடாக முன்னரே விடப்படாத ஒரு மக்களினம் நிற்பதற்கு இடமில்லை. எம் முற்போக்குச் சிந்தனையும் 'தேசம்' என்ற சொல்லோடு நின்றுவிடுவதால் இக்குறையை அதிகம் கவனிப்பதில்லை.

மக்களற்ற நிலத்திலே சட்டம் எவ்வாறு நடக்கும் என்பதை எம்மவரும் அனுபவித்தனர். 2021 ஒக்ரோபரில், கனடாவை நோக்கிச் சென்ற படகொன்று பழுதுற, அதிலிருந்த 89 இலங்கைத் தமிழர் டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிற் பலர் மூன்றாண்டுகள் வேலியடைத்த கூடார முகாமிலே, எலிகளின் நடுவே, கம்பனிக் காவலரின் கண்காணிப்பில் வைக்கப்பட்டனர். அகதிகள் சாசனம் அத்தீவுக்கு விரிவாக்கப்படவில்லை என்பது பிரித்தானியாவின் நிலைப்பாடு. அங்கு வாக்காளர் இல்லை, பத்திரிகை இல்லை, சட்டசபை இல்லை, பிரஜை என ஒருவனும் இல்லை. மனிதருள் எஞ்சியோர் படைவீரரும், அவர்களுக்குப் பணிசெய்ய ஒப்பந்தத்தில் வந்த அந்நியத் தொழிலாளருமே. 2024 டிசம்பரில் அவ்வாள்புலத்தின் நீதிமன்றம் இத்தடுத்துவைப்புச் சட்டவிரோதமானது எனத் தீர்ப்பளித்தது. அம்மாதமே பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர்.

அங்ஙனம் வந்திறங்கிய நாட்டிலே, கட்விக் விமான நிலையத்தின் அருகிலுள்ள கிறோலி நகரில், சாகோஸ் மக்களும் பெருந்தொகையாக வாழ்கின்றனர். 2022இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்களின் வழித்தோன்றல்களுக்குப் பிரித்தானியப் பிரசாவுரிமையை அளித்தது. பிரித்தானியாவில் எங்கும் வசிக்கலாம். பிறந்த தீவிலே மட்டும் வசிக்க முடியாது.